அஞ்சு வருஷம் வரும் என்று சொன்ன சேணம்

குதிரையைப் பேரம் பேசாமல் வாங்குகிறவன்கூட, அதன் முதுகில் போடுகிற சேணத்துக்கு ஒரு மத்தியானம் முழுக்க என் கடை வாசலில் நின்று பேசுவான். ஜவுளிக்கடையோ, பாத்திரக்கடையோ, செல்போன் கடையோ, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கிற அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாடிக்கையாளர்கள் படிக்க வேண்டாம். படித்தாலும் நம்பப் போவதில்லை.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் கடை. மாட்டு மணி, கயிறு, லாடம், சாட்டை, கூடவே குதிரைச் சேணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கார்த்திகை தீபத்துக்குக் கூடுகிற மாட்டுச் சந்தையில் சாக்கு விரித்து மூக்கணாங்கயிறு விற்றுத்தான் வியாபாரம் கற்றேன். அங்கே என்னை ஏமாற்றியவர்கள் எல்லாரும் எனக்கு வாத்தியார்கள். சம்பளம் மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள். தோல் சேணம் விலை ஜாஸ்தி, கனம் ஜாஸ்தி, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் சிந்தெடிக் சேணத்துக்கு மாறினேன். பார்க்கத் தோல் மாதிரி இருக்கும், ஒரு கையால் தூக்கலாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த வைகாசியில் என் பெண் கவிதாவின் கல்யாணம் வருகிற வரைக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த குதிரையின் முதுகில் இருந்தது நான் விற்ற முதல் சிந்தெடிக் சேணம்.

விலையில் இறங்க மாட்டேன்

பாஷா பாயிடம் ரெண்டு வெள்ளைக் குதிரை உண்டு. ஊரில் முக்கால்வாசி மாப்பிள்ளைகள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை குதிரை ஏறுவது அவர் தயவில்தான். ஒரு தீபத்துக்கு முந்தின வாரம் கடைக்கு வந்தார். சிந்தெடிக் சேணத்தை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னண்ணே, கொழந்தைங்க ஆடுற மரக்குதிரைக்கா?" என்றார். விலை சொன்னேன். பாதிக்குக் கேட்டார். பாதிக்குக் கொடுப்பதற்குப் பதில் அதை வேப்பமரத்தில் தொங்கவிட்டுக் காக்காய்க்குக் கூடு கட்டக் கொடுப்பேன் என்று கத்தினேன். எனக்குக் கோபம் வர நேரமே எடுக்காது.

என் பேரத்துக்கு ஒரு முறை உண்டு. விலையில் ஒரு ரூபாய்கூட இறங்க மாட்டேன். அதற்குப் பதிலாக வருஷத்தில் ஏறுவேன். "ரெண்டு வருஷம் வரும் பாய்" என்றேன். அவர் படி இறங்கினார். "மூணு வருஷம்." செருப்பை மாட்டினார். "நாலு வருஷம்." வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம், "யோவ், அஞ்சு வருஷம் அறுந்து போகாம வரும்யா, என் பொண்ணு கவிதா மேல சத்தியம்!" என்று ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன்.

பாஷா பாய் வண்டியை நிறுத்தினார். திரும்பி வந்து பணத்தை வைத்தார். சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ரொம்ப சாந்தமாகச் சொன்னார்: "பொண்ணு மேல சத்தியம் பண்ணிட்டீங்க, இனிமே எனக்கு கேரண்டி சீட்டு எதுவும் வேணாம். நடுவுல அறுந்துச்சுன்னா உங்ககிட்ட வர மாட்டேன், நேரா உங்க வீட்டம்மாகிட்டதான் போவேன்."

எலியின் சாட்சி

கீழ்பென்னாத்தூர் ஏழுமலைக்கு வேர்க்கடலை விவசாயம், சொந்தமாகச் செக்கு. ஆசைக்கு ஒரு குதிரை வாங்கினார். குதிரை வந்ததும் சேணம் வாங்கினார். "இதுக்கு எண்ணெய் கிண்ணெய் எதுவும் போடக் கூடாதுங்க, இது தோல் இல்ல, குடிக்காது" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்போதே எனக்கு சந்தேகம் வந்திருக்க வேண்டும். தலையாட்டிக் கேட்கிற வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் நேர் எதிராகச் செய்வார்.

ஒரு மாதம் கழித்து சாக்குப் பையோடு வந்தார். உள்ளே சேணம். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை வாரா வாரம் தடவி, தலைக்குத் தேய்க்கிற மாதிரித் தேய்த்திருக்கிறார். பளபளப்பு என்றால் அப்படியொரு பளபளப்பு. ஏறி உட்கார்ந்தால் மனுஷன் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடுவான். அதோடு விட்டதா? கொட்டகையில் எலிகள் விருந்து வைத்திருந்தன. உட்காரும் இடத்தைக் கடித்து, உள்ளே இருந்த பஞ்சு வரைக்கும் பிய்த்து இழுத்திருந்தன.

கேரண்டியில் மாற்றிக் கொடுங்கள் என்றார். எண்ணெய் தடவாதே என்றேனே, தடவியது யார் தப்பு என்று எகிறினேன். மனுஷனுக்குக் கொஞ்சம்கூடக் கோபம் வரவில்லை. சேணத்தைப் பாசமாகத் தடவிக்கொண்டே சொன்னார்: "என் எண்ணெய் அசலுங்க, உங்க சேணம்தான் டூப்ளிகேட். எலிக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க, எண்ணெய் பட்ட இடத்தை மட்டும்தான் தின்னுருக்கு."

கற்பூரம்

அடி அண்ணாமலையில் முருகேசனும் அவர் மனைவி செல்வியும் ஒரு மட்டக்குதிரை வைத்து, கிரிவலம் வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று விடுகிறார்கள். ஆயுத பூஜைக்கு ஊரில் லாரிக்கும் ஆட்டோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைக்கிறார்கள். முருகேசன் சும்மா இருப்பாரா? சேணத்துக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் ஏற்றியிருக்கிறார். தட்டில் ஏற்றியிருக்கலாம். நேராக சேணத்தின் மேலேயே ஏற்றிவிட்டார். சூடம் அணைந்தபோது நடுவில் பணியாரக் குழி மாதிரி ஓர் ஓட்டை.

கடைக்கு வந்து அந்த ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினார். "பிளாஸ்டிக் மேல நெருப்பு வச்சா உருகாம பூவா பூக்கும்?" என்று கேட்டேன். "போன வருஷம் ஸ்கூட்டர் சீட்டு மேல ஏத்தினேன், அப்பவும் இப்படித்தான் ஆச்சு" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அப்போது ஷோரூமில் போய் சண்டை போட்டாயா, என்னிடம் மட்டும் ஏன் வந்தாய் என்றேன்.

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை: "அவங்க பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க, நெருப்பு பட்டா பொறுப்பில்லன்னு. நீங்க வாயால சொன்னீங்க. மனுஷன் வாய்க்குத்தானே மரியாதை, அதான் வந்தேன்."

பாதி விலைக்கு இன்னொன்று வாங்கிக்கொண்டுதான் போனார். விலையில் நான் இறங்கவில்லை. சாமி குத்தம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் என்னை இறக்கினார்கள்.

துவைக்கிற கல்

அந்த ரெண்டாவது சேணத்துக்குச் செல்வி பொறுப்பெடுத்துக்கொண்டார். இனி நெருப்பு வைக்க வேண்டாம், அழுக்கானால் சோப்பு போட்டுக் கழுவினால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். பௌர்ணமி கூட்டம் முடிந்த மறுநாள், சேணத்தை ராத்திரி முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் துவைக்கிற கல்லில் அடித்துத் துவைத்து, வெயிலில் காயப் போட்டிருக்கிறார். அண்ணாமலையின் சித்திரை வெயில். பாறையில் பட்டுத் திரும்பி வருகிற சூட்டில் மனுஷனே உரிந்து போவான்.

வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. மட்டக்குதிரை மட்டும் யாரையும் ஏற விடவில்லை. என்னவென்று பார்க்க நானே போனேன். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கூடு ரெண்டாகப் பிளந்து, விளிம்பு குதிரையின் முதுகில் குத்திக்கொண்டிருந்தது. பட்டை தைத்திருந்த நூலெல்லாம் வெயிலில் பொரிந்து, கிள்ளினால் மாவாக உதிர்ந்தது. அன்றைக்குத்தான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. இந்த சேணத்தில் உட்காருகிற இடம் எத்தனை வருஷமானாலும் அழகாகத்தான் இருக்கும். சேணத்தைக் குதிரையோடு சேர்த்துக் கட்டுகிற வயிற்றுப் பட்டைதான் முதலில் போகும், அதுவும் யாருக்கும் சொல்லாமல் போகும்.

செல்வியிடம் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வீட்டுக்காரர் சட்டையை இதே கல்லுலதான் அடிக்கிறேன். அதுக்கு யாரும் கேரண்டி குடுக்கல, அது இன்னும் கிழியவும் இல்ல."

சம்பந்தி வைத்த நிபந்தனை

கவிதாவுக்கு வேங்கிக்காலில் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை கார்த்தி பெங்களூரில் கம்பெனி வேலை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளை. அந்த நாற்காலி நல்ல கம்பெனிச் சரக்காக இருக்க வேண்டும், அவ்வளவு வாட்டசாட்டம். சம்பந்தி ரிட்டயர்டு ஆபீசர். வரதட்சணை வேண்டாம், சீர் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்றார். நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை மட்டும் இருக்கட்டும்" என்றார். நல்ல காராகப் பார்த்துப் பூ அலங்காரம் பண்ணி வைக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "சம்பந்தி குதிரை சாமான் விக்கிறவரு. அவர் மாப்பிள்ளை கார்ல வந்தா ஊர் என்ன சொல்லும்?" நான் பேரத்தில் தோற்ற அபூர்வமான இடங்களில் அது ஒன்று.

வெள்ளைக் குதிரை என்றால் பாஷா பாய்தான். பாஷா பாய் என்றால் அந்த சேணம்தான். சத்தியம் செய்த அஞ்சு வருஷம் முடிய இன்னும் ஒரு தீபம் பாக்கி. வீட்டுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன். சுமதி என் மனைவி. அன்றைக்கு நான் ரோட்டில் நின்று கத்தியதை நாலு பேர் அவளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்; அவள் மறக்கவே இல்லை. அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஊர்ல எல்லாரும் விலையைக் குறைச்சு விப்பாங்க. நீங்க பெத்த பொண்ணை வச்சு வருஷத்தை ஏத்தி வித்தீங்க. இப்ப அது மேல யார் ஏறி உக்காரப் போறாங்கன்னு பாத்தீங்களா?"

மொத்த வியாபாரியின் உத்தரவாதம்

தூக்கம் வரவில்லை. எனக்குச் சரக்கு அனுப்புகிற சென்னை மொத்த வியாபாரிக்குக் காலையில் போன் போட்டேன். நிஜமாக இந்த சேணம் எத்தனை வருஷம் வரும், மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். "வெச்சுக்கிற விதத்துல இருக்கு சார்" என்றார். அடப்பாவி, இது நான் சொல்கிற பதில். என் பதிலை எனக்கே விற்கிறார்.

விடாமல் கேட்டேன். வயிற்றுப் பட்டை அறுந்து போச்சு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, தையல் விட்டுப் போச்சு என்று யாராவது திருப்பியிருக்கிறார்களா? அவர் குரலில் பெருமை வழிந்தது: "இத்தனை வருஷத்துல ஒரு பீஸ்கூட ரிட்டன் வந்ததில்ல சார். ஏன்னா ரிட்டன் நாங்க எடுக்கிறதே இல்ல."

பிள்ளையார் கோயில் வாசலில்

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், ஊர்வலம் கிளம்புகிற பிள்ளையார் கோயிலுக்கு எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். மடியில் கடையிலிருந்து எடுத்து வந்த புது வயிற்றுப் பட்டை. பாஷா பாய் குதிரையோடு நின்றிருந்தார். சேணத்தைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். வெடிப்பு இல்லை, குழி இல்லை. கட்டிலுக்கு அடியில், வீட்டம்மாவின் பழைய புடவையைச் சுற்றி, வெயில் படாமல் வைத்திருந்தாராம். வெயிலில் வைக்காதீர்கள் என்று நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஒரு வாடிக்கையாளர் இவர்தான் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். ஆனால் வயிற்றுப் பட்டையின் ஓரம் வெளுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தது.

"பாய், பட்டையை மாத்திடலாம்" என்றேன். "மாத்தலாம்ணே. மாத்தினா அஞ்சு வருஷம் வரலைன்னு ஆகும். பொண்ணு மேல சத்தியம், நாளைக்கு முகூர்த்தம். யோசிச்சுக்கோங்க" என்றார். பின்னாலேயே வந்த சுமதிக்கு முகம் வெளிறிவிட்டது. "கழட்டாதீங்க! கவிதா தலை மேல பண்ணின சத்தியம்" என்றாள். அடுத்த மூச்சில், "மாப்பிள்ளை விழுந்தா என்னங்க பண்றது?" என்றாள். கழற்றினால் பெண்ணுக்கு ஆகாது, கழற்றாவிட்டால் மாப்பிள்ளைக்கு ஆகாது. அந்தப் பக்கம் மேளம் கிளம்பிவிட்டது.

நான் சந்தையில் வளர்ந்தவன். சாமியிடமும் பேரம் பேசலாம், கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். அறுந்து போகாமல் வரும் என்றுதானே சத்தியம்? பழைய பட்டை அப்படியே இருக்கட்டும், நான் தொடப் போவதில்லை. அதற்கு மேலே புதுப் பட்டையை ஒரு சுற்று சுற்றி இறுக்கினேன். தெரியாமலிருக்க ரெண்டு முழம் மல்லிகைச் சரத்தை அதன் மேல் சுற்றினேன். கேட்டால் அலங்காரம். பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அவரும் மறுத்துச் சொல்லவில்லை. பாஷா பாய் குனிந்து பார்த்துவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வித்த சரக்குக்குப் பூ சுத்துற கடைக்காரரை இன்னிக்குத்தான்ணே பாக்குறேன்."

சரவெடி

மாப்பிள்ளை ஏறினார். ரெண்டு பேர் தூக்கிவிட்டு, மூணாவது ஆள் தள்ளி, ஒரு வழியாக உட்கார்ந்தார். சேணம் ஒரு சத்தம் போட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பெண்ணைப் பெற்றவன் மண்டப வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்பது முறை. நான் முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு குதிரைக்குப் பக்கத்திலேயே நடந்தேன், ஒரு கை பட்டை மேல். சம்பந்தி அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். மாமனாருக்கு மாப்பிள்ளை மேல் என்ன பாசம் பாருங்கள் என்று எல்லாரிடமும் காட்டினார்.

மண்டபம் தெரிகிற இடத்தில் மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், பெங்களூர் பிள்ளை, குதிரையின் காலடியிலேயே சரவெடியைக் கொளுத்திப் போட்டான். குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்கியது. மாப்பிள்ளை பின்னால் சாய்ந்தார். என் கைக்குக் கீழே ஏதோ படக்கென்று விட்டுப் போனதை உணர்ந்தேன். மல்லிகைச் சரம் அறுந்து ரோட்டில் கொட்டியது. கவிதாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேனா, சாமி பெயரைச் சொல்லிக் கத்தினேனா, நினைவில்லை. பாஷா பாய் கடிவாளத்தைப் பிடித்து ரெண்டு அதட்டு அதட்டினார். குதிரை நின்றது. சேணம் நகரவில்லை. மாப்பிள்ளை தலைப்பாகை சரிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆனால் சேணத்தின் மேலேயே இருந்தார். சுமதி ஓடி வந்து தேங்காய் சுற்றி உடைத்தாள்.

மாப்பிள்ளை இறங்கி உள்ளே போன பிறகு நானும் பாஷா பாயும் குனிந்து பார்த்தோம். நார் நாராகப் போன பழைய பட்டை அசையாமல் குதிரையின் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. விட்டுப் போனது நான் காலையில் பெட்டி பிரித்து எடுத்து வந்த புதுப் பட்டை. பக்கிள் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. பாஷா பாய் அதைக் கழற்றி, பூவெல்லாம் உதறி, என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பழசு சத்தியத்தைக் காப்பாத்திடுச்சு. இந்தப் புதுசுக்கு எத்தனை வருஷம்னு சொல்லிட்டு இருக்கீங்கண்ணே?"

இப்போதெல்லாம் யாராவது கடைக்கு வந்து இது எத்தனை வருஷம் வரும் என்று கேட்டால், நான் வாயைத் திறக்காமல் விலையைக் குறைத்துவிடுகிறேன்.